சென்னை மயிலாப்பூர் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா: காலை நடைக்கு நாலு நட்சத்திரம்

டிரெட்மில்லை விற்றுவிட்டு இங்கே வர ஆரம்பித்தேன். சர்க்கரை குறைவதற்கு முன்பே மனசு லேசாகிவிட்டது. வெளியே லஸ் சர்ச் ரோட்டில் ஹாரன் அலறும். கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் மர நிழல், கிளிச் சத்தம். முன்னால் வேட்டி கட்டிய மாமா ஒருவர் சஹஸ்ரநாமத்தை முணுமுணுத்தபடி போவார். அந்த வேகம்தான் எனக்கும் தோது. பக்கத்தில் ஷட்டில் ஆடுகிறவர்களுக்குள் அவுட்டா இல்லையா என்ற பஞ்சாயத்து இன்றுவரை தீரவில்லை. அமிர்தாஞ்சன் நிறுவனர் பெயரில் உள்ள பூங்கா என்பதாலோ என்னவோ, தலைவலியும் போயே போச்சு! மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சின்னக் கச்சேரி உண்டு. நடையை நிறுத்தி ஒரு கீர்த்தனையாவது கேளுங்கள். ஆறு மணிக்கே வந்துவிடுவது உத்தமம். செல்போனில் ஷேர் மார்க்கெட் பேசிக்கொண்டே நடப்பவர்களுக்காக மட்டும் ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.