8,204 வெள்ளி போனது: இணைய ஏலத்தில் கம்செங் எடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி பத்து மணிக்குத்தான் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வந்து இறங்கினேன். தூக்கம் வரவில்லை. விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். 8,204 வெள்ளி. மலேசிய ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்கிறேன். இந்தத் தொகையைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடமாகப் பென்ஷனில் ஒதுக்கி ஒதுக்கிச் சேர்த்த பணம். தளத்தின் பெயரை இப்போது சொல்லவில்லை, புகார் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. பழம்பொருள்களை மட்டும் வாராவாரம் ஏலம் விடுகிற, கோலாலம்பூரில் அலுவலகம் இருப்பதாகப் போட்டுக்கொள்கிற ஓர் இணையத் தளம். இவ்வளவு போதும். என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு, எப்படிச் சரிபார்ப்பது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கம்செங் என்றால் பாபா நோன்யா வீடுகளில், அதாவது மலாய் வழக்கங்களோடு கலந்துபோன பழைய சீனக் குடும்பங்களின் வீடுகளில், இருக்கும் மூடி போட்ட பீங்கான் ஜாடி. மூடியின் உச்சியில் பிடித்துத் தூக்குவதற்குச் சின்னச் சிங்கம் ஒன்று உட்கார்ந்திருக்கும். உடம்பு முழுக்க பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும். நம் ஊர்ப் பொருளாகவே பழகிவிட்டாலும், இவையெல்லாம் சீனாவில் ஜிங்டெசென் சூளைகளில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்க் குடும்பங்களுக்காகச் செய்து கப்பலில் அனுப்பியவை. கல்யாணம், பெருநாள் என்றால் இந்த இளஞ்சிவப்பும் பச்சையும் வெளியே வரும். துக்க காலத்தில் நீலமும் வெள்ளையும்தான்.

என் அம்மா ஜார்ஜ் டவுனில் ஒரு நோன்யா வீட்டில் பதினாறு வருடம் வேலை செய்தார். அந்த வீட்டுப் பெரியவரை பீபிக் என்று கூப்பிடுவார். சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம் கம்செங்குகளைக் கழுவுவது அம்மாவின் வேலை. தொட்டியில் போட மாட்டார். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, மடியில் ஈரத்துணியை மடித்துப்போட்டு, ஜாடியைக் குழந்தையைப் போல அதன்மேல் சாய்த்து வைத்துத் துடைப்பார். சிங்கத்தின் காலிடுக்கில் மட்டும் துணி போகாது. ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி உள்ளே விடுவார். பள்ளி விடுமுறையில் பஞ்சு சுற்றிக் கொடுப்பது என் வேலை. அம்மா போய் ஏழு வருடம் ஆகிறது. அப்படி ஒரு ஜாடி என் வீட்டு அலமாரியிலும் இருக்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன்.

ஒன்றும் தெரியாமல் போய் மாட்டினேன் என்று நினைக்காதீர்கள். தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், பதினோரு வருடமாகச் சேர்க்கிறேன். பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் காலை வெயிலில் குந்தி உட்கார்ந்து பொறுக்கியெடுத்த நோன்யா கரண்டி ஒன்பது, தட்டு நாலு, கிண்ணம் ஒன்று வீட்டில் இருக்கின்றன. சர்ச் ஸ்திரீட்டில் பாபா நோன்யாப் பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் பெரானாக்கான் மாளிகையின் கண்ணாடி அலமாரிகள் முன்னால் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். எனக்கே இது நடந்தது என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்த வார ஏலத்தில் இரண்டு பொருள்மேல் கண் வைத்தேன். ஒன்று இளஞ்சிவப்புக் கம்செங். இன்னொன்று சின்ன நீலவெள்ளைக் கிண்ணம், டயானா கப்பல் சரக்கு என்று போட்டு, ஆரம்ப விலை 300 வெள்ளி. டயானா 1817இல் கேன்டனிலிருந்து மதராசுக்குப் போகும் வழியில் மலாக்கா பக்கம் மூழ்கிய கப்பல். 1994இல் சரக்கை மேலே எடுத்தார்கள், 1995இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் ஏலம் விட்டது. மதராசில் யார் வீட்டு அடுப்படிக்கோ போக வேண்டிய கிண்ணம் 177 வருடம் நம் கடலுக்கடியில் கிடந்திருக்கிறது. எனக்கு அதன்மேலும் ஆசை. இரண்டையும் பற்றி வாட்ஸ்அப்பில் விசாரித்தேன்.

அரை மணி நேரத்தில் ஒரு பையன் கூப்பிட்டான். தமிழ்ப் பையன், நல்ல மரியாதையான பேச்சு. எடுத்தவுடன் அவன் சொன்னது இதுதான்: "அக்கா, அந்தக் கிண்ணத்த விட்டுடுங்க. அடியில ஸ்டிக்கர் மட்டும்தான் இருக்கு, பேப்பர் ஒண்ணும் இல்ல. ஸ்டிக்கர யாரு வேணும்னாலும் ஒட்டலாம். உங்க காசு வீணாப் போயிடக் கூடாது."

நான் விழுந்த இடம் இது. விற்கிறவனே ஒரு பொருளை வேண்டாம் என்கிறான். சொன்னதும் சரியான காரணம், நானே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நேர்மையான பிள்ளை, நம் பிள்ளை என்று மனது இளகிவிட்டது. 300 வெள்ளிக் கிண்ணத்தை என் கையிலிருந்து எடுத்துவிட்டு 8,204 வெள்ளிக்கு வழி பண்ணிக்கொண்டான். நேற்று ரயிலில் வரும்போது நாலு மணி நேரமும் அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

கம்செங்கின் அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஆறு படம் வந்தது. கூடவே ஒரு வீடியோ, விளிம்பில் நகத்தால் சுண்டிக் காட்டுகிறான், கணீரென்று நீண்டு ஒலிக்கிறது. விரிசல் இருந்தால் அப்படிக் கேட்காது. அடிப்பாகப் படத்தில் கால்வளையத்தை, அதாவது ஜாடி தரையில் நிற்கும் வளைய விளிம்பை, ஒட்டி ஒரு கரும்புள்ளி, கடுகு அளவு. அதற்குப் பக்கத்தில் ஊசி குத்தியதுபோல இரண்டு துளை. மண்ணில் இருக்கும் இரும்புத் துகள் சூளையில் வெந்தால் அப்படிக் கருத்துப் புள்ளியாக வரும். அந்தக் கடுகைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆறு படத்தையும் சேமித்து வைத்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. பட்டியலில் 'குவாங்சூ முத்திரை' என்றுதான் போட்டிருந்தார்கள். குவாங்சூ பேரரசர் ஆண்டது 1875 முதல் 1908 வரை. பெரிய ஏல நிறுவனங்கள் 'முத்திரையும் காலமும்' என்று சேர்த்துப் போட்டால்தான் அந்த ஆட்சிக் காலத்தில் செய்தது என்று பொருள். 'முத்திரை' என்று மட்டும் போட்டால் அடியில் அந்த எழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். நேற்று செய்த ஜாடியிலும் அதை எழுதலாம். இதைக் கேட்டேன். "லிஸ்ட் போடுறவர் சுருக்கிப் போட்டுட்டாருக்கா, பீரியட்தான், கவலப்படாதீங்க" என்றான். இதை எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். போனில் கேட்டேன், போனில் சொன்னான்.

ஞாயிறு ராத்திரி ஏலம். 6,800 வெள்ளிக்கு எனக்கு விழுந்தது. மலிவு கிடையாது. ரெண்டாயிரத்துக்கு வந்திருந்தால் சந்தேகப்பட்டு விலகியிருப்பேன். அதற்குமேல் வாங்குபவர் கட்டணம் நூற்றுக்குப் பதினெட்டு, 1,224. பேக்கிங், கூரியர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 180. மொத்தம் 8,204 வெள்ளி. திங்கள் காலையில் வங்கிக்கணக்கில் போட்டேன். கணக்கு தளத்தின் பெயரில் இல்லாமல் வேறு ஏதோ என்டர்பிரைஸ் பெயரில் இருந்தது. கேட்டதற்கு "எங்க அக்கவுண்ட்ஸ் கம்பெனிக்கா" என்றான்.

திங்கள் போட்ட பணத்துக்குப் பெட்டி வந்து சேர்ந்தது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. ஏன் இத்தனை நாள் என்று மூன்று தடவை கேட்டேன். "பத்திரமா பேக் பண்றோம்கா." அது எதற்கு என்று பிறகுதான் புரிந்தது.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். மேலே தங்க நிற முத்திரை குத்திய உத்தரவாதச் சான்றிதழ் ஒன்று, கொடுத்தவர்களும் அவர்களே. ஜாடியைக் கையில் எடுத்ததும் கனம் சரியில்லை என்று பட்டது. திருப்பிப் பார்த்தேன். கடுகுப் புள்ளி இல்லை. இரண்டு துளையும் இல்லை. போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்து, ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கால்வளையம் பழுப்பாக இருந்தது. ஈரப் பஞ்சால் ஒரு தடவை துடைத்தேன், பழுப்பு பஞ்சோடு வந்துவிட்டது, கீழே சுண்ணாம்பு வெள்ளை.

மறுநாள் காலை வெளிச்சத்தில் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பீனிக்ஸின் இறக்கையில் தூரிகை போன தடமே இல்லை. பத்திரிகைப் படத்தில் இருப்பதுபோல வரிசையாகப் புள்ளிகள், அச்சுப் படத்தை ஒட்டிச் சுட்டிருக்கிறார்கள். அப்புறம் சிங்கம். பழைய ஜாடியில் விரல் பிடிக்கும் முதுகிலும் தலையிலும் தங்கப் பூச்சு தேய்ந்திருக்கும், காலிடுக்கில் அப்படியே இருக்கும். இதில் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தது, காலிடுக்கு உட்பட. அம்மாவின் துணியே போகாத இடம் அது. எந்த விரல் உள்ளே போய்த் தேய்த்தது? அப்போதுதான் அழுதேன்.

உடனே என்னிடம் பேசிய அந்த ஏலத்தளத் தம்பிக்குப் படங்களோடு அனுப்பினேன். முதல் பதில்: "லைட்டிங் வித்தியாசம்கா." புள்ளி எங்கே போனது என்று கேட்டேன். "எக்ஸ்பர்ட்ட கேட்டுச் சொல்றேன்." ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை வேறு ஒருவர், ஆங்கிலத்தில், பெயர் போடாமல்: திருப்பிக்கொடுக்கும் காலம் 14 நாள், அது முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதானே கைக்கு வந்தது என்றேன். ஏலம் முடிந்த நாளிலிருந்து கணக்காம். பன்னிரண்டாம் நாள் பெட்டி வருகிறது, பதினாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை!

விடவில்லை நான். படத்தில் இருக்கும் ஜாடி இதுவல்ல என்று ஒவ்வொன்றாகக் குறித்து அனுப்பினேன். 'படங்கள் மாதிரிக்காக மட்டும்' என்று பதில். காலத்தைப் பற்றிக் கேட்டேன். 'நாங்கள் முத்திரை என்றுதான் எழுதினோம், காலம் என்று எங்கும் எழுதவில்லை.' வேண்டுமானால் இரண்டு நிபுணர்களின் எழுத்துப்பூர்வமான கருத்தை என் செலவில் வாங்கி அனுப்ப வேண்டுமாம், அதுவும் அந்த 14 நாளுக்குள். ஒரு தடவை கூரியர்மேல் பழி போட்டார்கள், கூரியர்காரர் வழியில் ஜாடியை மாற்றிவிட்டாராம். புதன்கிழமையிலிருந்து தம்பியின் எண்ணில் ஒற்றை டிக்தான்.

ஜார்ஜ் டவுனில் எனக்குப் பழக்கமான சீன அங்கிள் ஒருவர் இருக்கிறார், நாற்பது வருடமாகப் பழைய பீங்கான் வியாபாரம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மூடியைத் தூக்கி உள்விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். "இனி பாரு" என்றார் மலாயில். இது புதுசு என்று அர்த்தம். என் முகத்தைப் பார்த்துவிட்டு எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை, டீ ஊற்றிக் கொடுத்தார்.

நேற்று கோலாலம்பூர் போனது கடைசி முயற்சி. தளத்தில் போட்டிருக்கும் முகவரி ஓர் உயர்ந்த கட்டடத்தின் பதினெட்டாவது மாடி. அங்கே ஏல அலுவலகமும் இல்லை, ஒரு பீங்கான் துண்டும் இல்லை. மாத வாடகைக்கு முகவரி கொடுக்கும் பொது அலுவலகம். வரவேற்பில் இருந்த பெண் பாவம், பொறுமையாகக் கேட்டாள். கடிதம் வந்தால் எடுத்து வைப்போம், அவர்கள் யாரும் இங்கே உட்காருவதில்லை ஆன்ட்டி என்றாள். ஜாடியைப் பையில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எப்படிச் சரிபார்ப்பது என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். ஒன்பது மணிக்குக் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும், கிடைத்த நேரத்தில் சொல்கிறேன். படம் கேட்டால், இன்றைய தேதி எழுதிய தாளைப் பொருளின்மேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நேரில் பார்க்க விடாவிட்டால் வேண்டாம். 'காலம்' என்ற வார்த்தை பட்டியலிலேயே இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. திருப்பிக்கொடுக்கும் நாள் எதிலிருந்து கணக்கு என்று முதலில் கேளுங்கள். வங்கிக்கணக்கு வேறு பெயரில் இருந்தால் பணம் போடாதீர்கள், போடும் முன், மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நான் அவர்களோடு வாட்ஸ்அப்பில் வாதாடி நாளை வீணாக்கிவிட்டேன். பயனீட்டாளர் டிரிபியூனலில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான். என்னுடையதை இன்று பதிவு செய்கிறேன். 8,204 வெள்ளி என்று எழுதி வைத்துவிட்டேன்.

கடைசியாக ஓர் உதவி. அந்த ஆறு படத்தில் இருக்கும் உண்மையான ஜாடி எங்கோ யாரிடமோ இருக்கிறது. அதே படத்தைப் போட்டு அடுத்த ஆளைப் பிடிப்பார்கள். இளஞ்சிவப்புக் கம்செங், அடியில் குவாங்சூ முத்திரை, கால்வளையத்தை ஒட்டிக் கடுகு அளவு கரும்புள்ளி, பக்கத்தில் இரண்டு ஊசித்துளை. எந்த ஏலத்தில் பார்த்தாலும் விலை கேட்காதீர்கள், உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.