சிக்னல் செயலி: நான்கு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் விதிகளை மாற்றப்போவதாக எல்லோர் போனிலும் அறிவிப்பு வந்ததே, அப்போது அதைப் போலவே செய்தி அனுப்பும் சிக்னல் செயலிக்கு மாறியவர்களில் நானும் ஒருத்தி. கூட்டம் தாங்காமல் அந்த மாதமே சிக்னல் ஒருநாள் போல முடங்கிப்போனது. என்னோடு வந்த பலர் அத்தோடு திரும்பிவிட்டார்கள். நான் திரும்பவில்லை. அதற்குக் காரணம் எங்கள் லைனில் நடந்த ஒன்று.

பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போகிறேன். தையல் லைன். 22 பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருந்தது. பஸ் எப்போது வரும், யாருக்கு லீவு, இதுதான் அதில் பேச்சு. ஒருநாள் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணம் குறைகிறது என்று ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டார். மறுநாள் காலை சூப்பர்வைசர் அதை அவரிடமே போட்டுக் காட்டினார். ஒரே வாரத்தில் அக்காவை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இதில் யாரும் நடுவில் ஒட்டுக்கேட்கவில்லை. எங்களில் ஒருத்திதான் அனுப்பியிருந்தாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தச் செயலியும் இதைத் தடுக்காது. வாட்ஸ்அப் செய்தியும் பூட்டப்பட்டுத்தான் போகிறது. 2016 முதல் அதில் முழுமையாக ஓடுவது சிக்னல்காரர்கள் உருவாக்கிய அதே குறியாக்க முறைதான். வித்தியாசம் கடிதத்தில் இல்லை, உறையின் மேல் எழுதியிருப்பதில் இருக்கிறது. யார் யாரோடு, எத்தனை மணிக்கு, எந்தக் குழுவில் பேசினார்கள் என்ற விவரம் அது. 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு விசாரணைக்காக சம்மன் அனுப்பிக் கேட்டபோது சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். சங்கத்தில் சேரலாமா என்று யோசிக்கிற ஒரு பெண் என்ன பேசினாள் என்பதே வேண்டாம், யாரோடு பேசினாள் என்பது போதும், அவளை மடக்குவதற்கு.

சிக்னலுக்கு ஒன்பது பேர் வந்தோம். வந்த அன்றே ஒரு இடி. என் எண்ணைச் சேமித்து வைத்திருந்த சூப்பர்வைசரும் சிக்னலில் இருந்திருக்கிறார். நான் சேர்ந்துவிட்டேன் என்று அவருக்கு அறிவிப்பு போய்விட்டது. "என்னம்மா, புது ஆப்பா?" என்று பஸ் அருகில் நின்று கேட்டார். ரகசியத்துக்காகவே இருக்கும் செயலி இப்படிச் செய்வது பெரிய குறை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 2024 பிப்ரவரியில், போன் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கிற பயனர்பெயர் வசதி வந்தது. போன் எண்ணை வைத்து யாரும் நம்மைத் தேட முடியாதபடி அமைக்கவும் வழி கொடுத்தார்கள். புதிதாகச் சேர்பவர்கள் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

அப்புறம், தானாக மறையும் செய்திகள். எங்கள் குரூப்பில் ஒரு வாரம் என்று வைத்தோம். யாராவது போனை வாங்கிப் பார்த்தாலும் பழையது எதுவும் இருக்காது என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஒரு தீபாவளி சமயத்தில் விலை கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரட்டைக் கூலி என்று சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் போட்டதை ஒருத்தி எங்கள் குரூப்புக்கு நகல் எடுத்து அனுப்பினாள். அவர் அன்றிரவே அதை எல்லோருக்குமாக அழித்துவிட்டார். எங்களிடம் இருந்த நகல் ஏழாம் நாள் மறைந்தது. சம்பளச் சீட்டு வந்தபோது ஒற்றைக் கூலிதான் இருந்தது. எங்கள் கையில் ஒரு வரி இல்லை. அழிக்கும் வசதி இரண்டு பக்கமும் இருந்தால் சமம் என்று தோன்றும். ஆனால் வாக்கு கொடுத்தவருக்கு அது அழிவது லாபம், வாக்கை நம்பி வேலை பார்த்தவளுக்கு நஷ்டம். இப்போது நான்கு வாரம் வைத்திருக்கிறோம். அதற்கு மேல் வைக்க வழியில்லை. ஒன்றாம் தேதி பார்த்த ஓ.டி.க்கு அடுத்த மாதம் ஏழாம் தேதிதான் சீட்டு வரும், ஐந்து வாரம் ஆகிவிடுகிறது.

அரசாங்கம் வேறு ஒரு பக்கம் இழுக்கிறது. 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செயலிகள் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்கின்றன. கொடிய குற்றங்களுக்காகத்தான் என்கிறார்கள். ஆனால் ஒருவரைக் கண்டுபிடிக்க எல்லோருடைய செய்தியிலும் அடையாளம் இட வேண்டும். குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக நேரும் என்று வாட்ஸ்அப் 2024 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றத்தில் சொன்னது. அந்த விதியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த அக்காதான் நினைவுக்கு வந்தார். முதலில் அனுப்பியவர் அவர்தானே.

மற்றபடி, விலை குறைந்த போன்களில் பேட்டரி சேமிப்பை அணைக்காவிட்டால் செய்தி தாமதமாக வரும். போன் தொலைந்தபோது காப்பு நகல் எடுத்து வைக்காததால் என் பழைய உரையாடல் முழுவதும் போய்விட்டது. அம்மா இன்னும் வாட்ஸ்அப்பில்தான், அவருக்காக இரண்டையும் வைத்திருக்கிறேன்.

இப்போது குரூப்பில் 14 பேர். வேறு பிரிவுக்கு மாற்றப்பட்ட அந்த அக்காவும் இருக்கிறார். ஓ.டி. பற்றி எது வந்தாலும் தேதி, நேரம் போட்டு 40 பக்க நோட்டு ஒன்றில் அவர்தான் எழுதி வைக்கிறார். மாதக் கடைசியில் அதில் கையெழுத்துப் போட வரிசையாக அவர் வீட்டுக்குப் போகிறோம்.