கண்ணாடிச் சுவருக்கான சாயும் தலை போல்ட்: ஒரு மதிப்பீடு

கட்டடக் கண்ணாடியைப் புள்ளிகளில் தாங்கும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளில், தலை சற்றே சாயக்கூடிய இந்த வகையையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். காற்றழுத்தத்தில் தகடு வளையும்போது, அசையாத தலை துளையோரத்தில் ஏற்றிவிடும் வளைவுத் தகைவை (வளைவதால் பொருளுக்குள் எழும் விசையழுத்தத்தை) இது பெருமளவு தவிர்க்கிறது. எஃகு இளகிக் கொடுத்துச் சுமையைப் பகிரும். கண்ணாடிக்கு அந்தக் குணம் அறவே இல்லை. அகன்ற தகட்டை ஒரு திசையில் இழுத்தால் வட்டத் துளையின் விளிம்பில் தகைவு ஏறத்தாழ 3 மடங்காகும் என்பதால், எஃகு கண்ணாடியை நேரடியாகத் தொடாதபடி நைலான் உறை தந்திருப்பது அவசியமான ஏற்பாடு. ஆனால், லேமினேட் கண்ணாடியின் (இடைப்படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி) இரு தகடுகளிலும் துளைகள் சிறிது விலகியிருந்தால், ஒரே தகடு பெருஞ்சுமையை ஏற்க நேரிடும். துளைக்கும் போல்ட்டுக்கும் இடையே எஞ்சும் இடைவெளியில் ரெசின் கலவையை (இறுகிக் கெட்டியாகும் பிசின்) செலுத்த இதில் வழியில்லாதது பெருங்குறை. துளையிட்ட பிறகே கண்ணாடியை டெம்பர் செய்ய (சூடாக்கி விரைவாகக் குளிர்வித்து வலுவூட்ட) வேண்டும் என்பதைக் கையேடு தெளிவாகச் சொல்கிறது.