குட்டி யானையில் இயந்திரம் ஏற்ற எந்த ராட்செட் பெல்ட்? நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட், அதாவது கைப்பிடியை ஆட்டி இறுக்கும் நாடா, வாங்கும்போது கடையில் எல்லாரும் கேட்பது "எத்தனை டன் தாங்கும்?" என்றுதான். "அஞ்சு டன்" என்று பதிலும் உடனே வந்துவிடும். ஜெனரேட்டர், லேத், இரும்புப் பெட்டி என்று கனமான சரக்கை வருடக்கணக்கில் கட்டி ஓட்டினால் தெரியும், சரக்கை அசையாமல் பிடிப்பது அந்த டன் கணக்கு இல்லை. நாடா எந்த இழை, லேபிளில் எஸ்டிஎஃப் (இறுக்கிய பிறகு பெல்ட்டில் தங்கும் இறுக்கம்) எவ்வளவு என்ற இரண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இழையில் எங்கள் தேர்வு பாலியஸ்டர். ஐரோப்பியத் தரமான ஈஎன் 12195-2 படி, அனுமதிக்கப்பட்ட முழு இழுவிசையிலும் நாடா 7 சதவீதத்துக்கு மேல் நீளக்கூடாது. நல்ல பாலியஸ்டர் நாடா அதற்குள் நிற்கும், மழையில் நனைந்தாலும் தளராது. நைலான் அப்படியல்ல. அது தண்ணீரை உறிஞ்சி நீளும், வலுவிலும் கொஞ்சம் இழக்கும். புறப்படும்போது இறுக்கிய கட்டு மழைக்குப் பிறகு தளர்ந்து தொங்குவது இதனால்தான். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க நைலான் நல்லது, அங்கே அதன் நீட்சியே உதவி. சரக்கு கட்ட வேண்டாம். பிபி எனப்படும் பாலிப்ரோப்பிலீன் விலை மலிவு, ஆனால் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும், 80 டிகிரிக்கு மேல் சூட்டில் பயன்படுத்தக்கூடாது. தார்ப்பாய் கட்டுவதோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

தரத்துக்கு உட்பட்ட பெல்ட்டில் லேபிள் நீலமாக இருந்தால் பாலியஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பிபி. நாடாவின் நிறம் எதையும் சொல்லாது. லேபிளே இல்லாத நாடா கையில் கிடைத்தால் ஒரு துண்டை வெட்டி, காற்றுக் குமிழி போகப் பிசைந்து தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பிபி. மூழ்கினால் நுனியைக் கொளுத்துங்கள்: கரும்புகை கக்கினால் பெரும்பாலும் பாலியஸ்டர்.

இனி அந்த அஞ்சு டன். 50 மில்லிமீட்டர் அகல பெல்ட்டின் லேபிளில் எல்சி (அனுமதிக்கப்பட்ட இழுவிசை) 2500 டெகாநியூட்டன் என்றிருக்கும். நேராக இழுக்கும்போது ஏறத்தாழ 2500 கிலோ. சரக்கைச் சுற்றி வளையமாகப் போட்டால்தான் 5000. ஆனால் சரக்கின் மேலே போட்டு இருபுறமும் பாடியில் இறுக்கும்போது இந்த எண்ணுக்கு வேலையே இல்லை. அப்போது பேசுவது எஸ்டிஎஃப், அதாவது கைப்பிடியை 50 கிலோ பலத்தில் இழுத்தால் பெல்ட்டில் தங்கும் இறுக்கம். சாதாரண ராட்செட்டில் அது 300 டெகாநியூட்டன் அளவில் இருக்கும். அஞ்சு டன் பெல்ட் சரக்கை அஞ்சு டன்னாக அழுத்துகிறது என்று நினைப்பது ஆபத்தான நினைப்பு.

கணக்காகப் பார்க்கலாம். 1000 கிலோ ஜெனரேட்டர், உராய்வுக் கெழு (சறுக்காமல் பிடிக்கும் அளவு) 0.3 உள்ள தளம், பெல்ட் செங்குத்தாக இறங்குகிறது. திடீர் பிரேக்கில் முன்னால் சறுக்காமல் இருக்க, அதே தரத்தின் கணக்குப் பகுதியான ஈஎன் 12195-1 முறைப்படி எஸ்டிஎஃப் 300 உள்ள பெல்ட் நான்கு தேவை. அடியில் உராய்வு 0.6 தரும் ரப்பர் மேட் போட்டால் கணக்குக்கு ஒன்றே போதும். நாங்கள் இரண்டுக்குக் குறைக்க மாட்டோம். ஒரு துண்டு ரப்பர் செய்யும் வேலை இவ்வளவு. பெல்ட் செங்குத்தாக இல்லாமல் தளத்தோடு 30 டிகிரி சாய்வில் போனால் அழுத்தம் பாதியாகிவிடும். உயரம் குறைந்த சரக்கில் இதைப் பலர் கவனிப்பதில்லை. கொக்கியை மெல்லிய பக்கத் தகட்டில் மாட்டாதீர்கள், வண்டியின் இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள்.

ராட்செட் உருளையில் குறைந்தது ஒன்றரைச் சுற்று, அதிகபட்சம் மூன்று சுற்று. குறைந்தால் நழுவும், கூடினால் சிக்கிக்கொண்டு அவிழ்க்க முடியாது. கைப்பிடியில் பைப் மாட்டி இறுக்கினால் கியர் பல் வளையும். கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்குவது கட்டாயம், ஏனென்றால் சரக்கு ஆடி அமர்ந்ததும் கட்டு தளரும்.

பெல்ட் பெரும்பாலும் பாரம் தாங்காமல் அறுவதில்லை, விளிம்பில் அறுகிறது. ஆங்கிள் இரும்பின் கூர் முனையில் கார்னர் கார்டு வையுங்கள், இல்லாவிட்டால் பழைய பெல்ட் துண்டை மடித்து வையுங்கள். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிமீட்டர் நாடாவில் 5 மில்லிமீட்டர் வெட்டு விழுந்தாலே கழித்துவிட வேண்டும். முடிச்சுப் போட்டு இணைத்த பெல்ட் ஏறக்குறைய பாதி வலுவை இழந்தது. வெல்டிங் பொறி பட்டு உருகியது, தையல் விட்டது, லேபிள் படிக்க முடியாதது, இவற்றையும் வண்டியில் வைக்காதீர்கள்.

அதே வண்டியில் சிமென்ட், சுண்ணாம்பு ஏற்றுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவை நனைந்தால் வரும் காரம் (ஆல்கலி) பாலியஸ்டரை நாளடைவில் அரிக்கும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். சலவைச் சோடா போட்டுத் துவைக்காமல் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பேட்டரி ஆசிட் நைலானுக்குத்தான் எமன், பாலியஸ்டர் அதைத் தாங்கும்.

இந்த பெல்ட்டை மாட்டி கிரேனில் தூக்கவே கூடாது. கட்டும் பெல்ட் அனுமதித்த பாரத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் செய்யப்பட்டது, தூக்கும் ஸ்லிங் ஏழு மடங்குக்கு.