போன்சாய் வாங்கப் போகிறீர்களா? என் 14,500 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

எனக்குப் போன்சாய் விற்றவர்கள் நேற்று ராத்திரிதான் என் நம்பரை பிளாக் செய்தார்கள். கோபம் அடங்கவில்லை.

அப்பா குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செடியைத் தொடாமல் அவருக்குப் பொழுது போகாது. அவருக்காகத்தான் ஆன்லைனில் போன்சாய், அதாவது தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் மரம், விற்கும் ஒரு நர்சரியில் ஜூனிபர் என்ற ஊசியிலை மரம் கேட்டேன். 12 வயது மரம், கூடவே ஆறு மாதம் நிபுணர் வழிகாட்டுதல், வாரம் ஒரு வீடியோ கால். எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்பாவின் வேலையைச் சொன்னதும் போனில் பேசியவர் குரலே மாறிவிட்டது. "கவாத்து பண்ணின கையா? அப்ப பாதி வேலை முடிஞ்சுதுங்கக்கா. தேயிலையும் மரம்தானே, வெட்டி வெட்டித்தானே இடுப்பளவுக்கு வச்சிருக்கோம்" என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். எங்கள் பிழைப்பைத் தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று நம்பி முழுப் பணத்தையும் அன்றைக்கே அனுப்பினேன்.

வந்த தொட்டியில் மண் தெரியாதபடி கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அழகுக்காம். ஹாலிலேயே வைக்கச் சொன்னார்கள். ஜூனிபர் வெயிலும் காற்றும் பட வெளியில் வளர வேண்டிய மரம், இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வேர் செத்தாலும் அதன் இலை வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ஒரு மாதம் கழித்து அப்பா நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை இல்லை, வெறும் பழுப்பு. கல்லைப் பெயர்த்து இழுத்தால் கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை! வெட்டிச் செருகிய கிளையைக் கம்பியால் தொட்டியோடு கட்டியிருக்கிறார்கள். இதற்கு 14,500 ரூபாய்.

வீடியோ கால் நடந்தது ஒரே தடவை, நாலு நிமிஷம். கேட்டால் முதலில் "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க" என்றார்கள். அடுத்த வாரம் "தண்ணி பத்தலை". அப்புறம் "உங்க ஊர்க் குளிர் ஒத்துக்கலை". உறைபனியையே தாங்கும் மரம் அது! கடைசியில் "சார் வெளியூர்ல இருக்கார்". பில் கேட்டேன், பிளாக்.

அப்பா "விடும்மா" என்கிறார். 14,500 ரூபாயை எப்படி விடுவது?

வாங்குகிறவர்கள் அடிமரத்தைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். கல் ஒட்டின தொட்டி வேண்டவே வேண்டாம். முழுப் பணத்தை முன்னாலேயே கொடுக்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை.