கஹூட், குவிசிஸ், பிளிக்கர்ஸ்: தோட்டப்புறப் பள்ளிக்கு எது?

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டுக்குத் தமிழ்மொழி போதிக்கிறேன். வகுப்பில் 26 பிள்ளைகள். சிலரின் பெற்றோருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மற்றவர்களுக்கு ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட். கஹூட், குவிசிஸ், பிளிக்கர்ஸ் ஆகிய மூன்று வினாடி வினாக் கருவிகளையும் இதே பிள்ளைகளிடம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2013-இல் நோர்வேயிலிருந்து வந்த கஹூட்டை எல்லாருக்கும் தெரியும். கேள்வி எல்.சி.டி திரையில் ஓடும். பிள்ளையின் திரையில் சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம்; ஒவ்வொன்றும் ஒரு விடை. சரியான விடைக்கு 1000 புள்ளி வரை உண்டு. தாமதிக்கத் தாமதிக்கப் புள்ளி குறையும். வகுப்பு கலகலக்கும், அதில் சந்தேகமே இல்லை. எனக்கு உறுத்துவது அந்தக் கடிகாரம்தான். தாத்தா கிணற்றில் நீர் இறைத்தாரா, இரைத்தாரா? எந்த எழுத்து என்று நின்று நிதானித்து வாசிக்கும் பிள்ளைக்காகத்தான் அந்தக் கேள்வியையே தயாரித்தேன். அவன் வாசித்து முடிப்பதற்குள் வேகக்காரர்கள் அமுக்கிவிடுகிறார்கள். நாலாவது கேள்வியில் அவனும் வாசிப்பதை விட்டுவிட்டு ஏதோ ஒரு நிறத்தைத் தட்டுகிறான். நேரத்தைக் கூட்டியும் பார்த்தேன். வேகத்துக்குப் புள்ளி உண்டு என்று தெரிந்துவிட்டால் யாரும் பொறுப்பதில்லை.

அதோடு, பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர மாணவர்களுக்கு அனுமதி இல்லை. கணினி அறைக்குத்தான் போக வேண்டும்; அங்கே ஒரு கணினிக்கு மூன்று பேர். ஒருமுறை பாதி விளையாட்டில் லைன் போய், 30 நிமிடப் பாடவேளை அப்படியே கரைந்தது.

குவிசிஸ் பெங்களூரில் பிறந்தது. 2025-இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறியும் எங்கள் ஆசிரியர் அறையில் அது இன்னும் குவிசிஸ்தான். கேள்வியும் விடையும் பிள்ளையின் திரையிலேயே வருவதால் அவரவர் வேகத்தில் செய்யலாம். நாள் குறித்து வீட்டுப்பாடமாகவும் அனுப்பலாம். வீட்டில் இருப்பதோ அம்மாவின் ஒரே கைப்பேசி. அம்மா ஷிப்ட் முடிந்து வரும்போது தம்பிக்கும் அது வேண்டும். அதனால் ஞாயிறு இரவு வரை தவணை கொடுக்கிறேன். டேட்டா இல்லாத பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்பதால் அதற்கு மதிப்பெண் போடுவதே இல்லை.

நான் கையில் எடுப்பது பிளிக்கர்ஸ். பிள்ளைக்கு ஒரு தாள் அட்டை, எனக்கு ஒரு கைப்பேசி, அவ்வளவுதான். அட்டையில் கறுப்புக் கட்டங்களாலான ஓர் உருவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி பொடி எழுத்தில் இருக்கும். எந்த எழுத்து மேலே வருகிறதோ அதுவே விடை. ஒவ்வோர் அட்டையின் உருவமும் வேறு என்பதால் அடுத்தவனைப் பார்த்துத் திருப்பிப் பயனில்லை. கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால் திரையில் பெயர்கள் பச்சையாகவும் சிவப்பாகவும் விழும். 40 அட்டைகள் கொண்ட தொகுப்பை இலவசமாக அச்சிடலாம்.

முதலில் பளபளவென்று லேமினேட் செய்து தவறு செய்துவிட்டேன். சன்னல் வெளிச்சம் பட்டு மின்னியதில் கேமராவுக்கு எதுவுமே தெரியவில்லை. பிறகு கெட்டித் தாளில் அச்சிட்டேன். இன்னொன்று, விரல் உருவத்தை மறைத்தாலும் படிக்காது. ஓரத்தைப் பிடிக்கப் பழக்க இரண்டு பாடவேளை ஆயிற்று.

அதே 'இறைத்தார்' கேள்வியை அட்டையில் கேட்டேன். பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை அட்டையை உயர்த்தினாள், இறக்கினாள், உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள், திருப்பிப் பிடித்தாள். பச்சை. கஹூட்டில் இதே பிள்ளை எப்போதும் கடைசி. சிவப்பு விழுந்த ஒன்பது பேரை மட்டும் அழைத்து, இறைத்தலையும் இரைத்தலையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். யாருக்கு எது தெரியவில்லை என்பது பாடம் முடியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. நான்கு விடைக்கு மேல் போக முடியாது, வாக்கியம் எழுத வைக்க முடியாது. கட்டுரைக்கு நோட்டுப் புத்தகம்தான். மூன்றுக்கும் பொதுவான தொல்லை ஒன்றும் உண்டு: பழைய எழுத்துருவில் தட்டிய வினாத்தாளை ஒட்டினால் கிறுக்கலாக வரும். யூனிகோடில் புதிதாகத் தட்டித்தான் ஆக வேண்டும்.

கணினி அறை நன்றாக இருக்கும் பட்டணத்துப் பள்ளிக்குக் கஹூட் பொருந்தலாம். எங்களுக்கு வகுப்பில் அட்டை, வார இறுதியில் குவிசிஸ். அடுத்த வாரம் இணைமொழி, அதாவது 'அருமை பெருமை' போன்ற சொல்லிணைகள். 14-ஆம் எண் அட்டை மழையில் நனைந்துவிட்டது. அதை மட்டும் மறுபடி அச்சிட வேண்டும்.