நீண்ட தேனிலவு: ரயிலா, காரா?

ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் குறுகிய கால விசாவில் 180 நாள்களுக்குள் 90 நாள்கள்வரை தங்கலாம். அத்தனை நாளும் எதில் சுற்றுவது என்பதில்தான் புதுமணத் தம்பதியின் முதல் சண்டை தொடங்கும்.

பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டான யூரெயில் பாஸ் 33 நாடுகளில் செல்லும். கேட்க இனிக்கிறது. ஆனால் பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவியிலும் இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்களிலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. வியன்னாவில் இரவு ரயில் ஏறி, காலையில் வெனிஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே பெருங்கால்வாய்! கார் எவ்வளவு சொகுசானாலும் இதைத் தராது. வெனிஸின் பழைய நகருக்குள் அது நுழையவே முடியாது.

காரின் செலவு வாடகையோடு நிற்பதில்லை. ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் கூடுதல் கட்டணம் பெரும்பாலும் கையைக் கடிக்கும். சுவிஸ் நெடுஞ்சாலையில் ஓட்ட 40 பிராங்க் கொடுத்துச் சாலைக் கட்டண வில்லை வாங்க வேண்டும். ஒரே நாள் கடந்தாலும் ஆண்டுக் கட்டணம்தான். இத்தாலியின் பிளாரன்ஸ் போன்ற நகரங்களில், அனுமதியில்லாத கார்களுக்குத் தடையுள்ள பகுதிக்குள் தெரியாமல் புகுந்தால் கேமரா பிடித்துவிடும். அபராதக் கடிதம் தேனிலவெல்லாம் முடிந்த பிறகு வந்து சேரும்.

ஆனால் இத்தாலியின் டஸ்கனி, பிரான்சின் புரோவென்ஸ் கிராமங்களுக்கு ரயிலை நம்பினால் பாதி நாள் பஸ் நிறுத்தத்தில் போய்விடும். நானாக இருந்தால் பயணம் முழுவதும் ரயில், அங்கே மட்டும் ஒரு வாரம் கார். சாவியை வாங்குமுன் வழி சொல்வது யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.